எலும்போடு மண்ணையும் எடுத்து வையுங்கள்

கடலோரத்தில் அகழாய்வு செய்யும் தொல்லியலாளர்களுக்கும், அந்தக் குழிகளில் இறங்கி வேலை கற்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் தொல்லியல் படித்தவன் அல்ல. 2004 டிசம்பருக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டைச் சுத்தம் செய்யப் போனவன். பீரோ இடுக்கு, அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் கருத்த பொடிமணல். கூடை கூடையாக வாரித் தெருவில் கொட்டினோம். அந்த மணலுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு என்பது ஐட்டாப்பே மண்டையோட்டைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

பப்புவா நியூகினியின் வடகரையில், இன்றைய கடலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஓடைக்கரையில் 1929இல் அந்த மண்டையோட்டுத் துண்டுகளைக் கண்டெடுத்தவர் பால் ஹோஸ்ஃபெல்ட் என்ற நிலவியலாளர். முதலில் அதை ஹோமோ எரக்டஸ், அதாவது நமக்கு முன்பே வாழ்ந்து மறைந்த பழைய மனித இனம், என்றார்கள். பிறகு கரிமக் காலக்கணிப்பு வந்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நம்மைப் போன்ற மனிதர்தான் அவர். எலும்பை இப்படித் திருப்பித் திருப்பி ஆராய்ந்தவர்கள், அது கிடந்த மண்ணை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

2014இல் சுனாமி ஆய்வாளர் ஜேம்ஸ் கோஃப் உள்ளிட்ட குழு அதே இடத்துக்குப் போய் மண் எடுத்தது. நுண்ணோக்கியில் தெரிந்தவை டயாட்டம்கள்: கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசிகள், அதுவும் கடலில் வாழ்பவை. மணல் துகள்களின் அளவும் வேதிக்கூறுகளும், அதே கரையில் 1998 ஜூலை 17 அன்று 2,000 பேருக்கு மேல் பலிகொண்ட சுனாமி விட்டுப்போன படிவுடன் ஒத்துப்போயின. அந்த மனிதர் வாழ்ந்த காலத்தில் கடற்கரையே அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சுனாமியில் இறந்தவர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய மனிதர் இவராக இருக்கலாம் என்று 2017இல் எழுதினார்கள். அலை வருவதற்குச் சற்றுமுன் புதைக்கப்பட்டவராகவும் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்றுதான். 85 வருஷம் அந்த மண் அங்கேயே கிடந்தது. ஓடை அரித்துக்கொண்டு போயிருந்தால்? மேலே ஒரு கட்டடம் வந்திருந்தால்?

நம் கரைகளில் குழிகள் மூடப்படுகின்றன, பக்கத்திலேயே இறால் பண்ணையும் ரிசார்ட்டும் எழுகின்றன. எலும்போ பானையோ கிடைத்தால், அதை ஒட்டிய மண்ணையும் மேல் கீழ் அடுக்குகளின் மண்ணையும் தனித்தனிப் பையில் போட்டு, ஆழத்தைக் குறித்து வையுங்கள். சோதிக்க இப்போது பணம் இல்லையா, சரி, பத்து வருஷம் கழித்து வரும் மாணவி சோதிக்கட்டும். குழியை மூடுவதற்கு முன் மட்டும் மறந்துவிடாதீர்கள்.