சாம்பு பறக்கிறான், மீனா

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீலக் குறி விழுந்து அப்படியே நிற்கிறது. வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் உட்கார்ந்து நிதானமாக மெயில் எழுதுகிறேன், எப்போது முடிகிறதோ அப்போது படி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து இருட்டோடு எழுந்து கோலத்தைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறாள், பனியில் போகாதே என்றால் கேட்பதில்லை. தை கடைசியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

சாம்பு பறக்கிறான். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்று ஆசையாக வாங்கினோமே, கடையிலேயே இறக்கையை வெட்டித்தானே கொடுத்தார்கள், அன்றைக்கு நீ அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெட்டுப்பட்ட இறகு வளராது, அது தானாக உதிர்ந்த பிறகுதான் அந்த இடத்தில் புதிது முளைக்கும், அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் உதிராது, ஒவ்வொன்றாகத்தான். இறக்கைக்கு பத்து பெரிய இறகுகள் இருக்கின்றன, அவைதான் பறக்க முக்கியம். முளைத்து வரும்போது காம்புக்குள் ரத்தம் ஓடுவது கருநீலமாக வெளியே தெரியும், அந்தச் சமயத்தில் முறிந்தால் ரத்தம் கொட்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் கூண்டுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு வைத்திருந்தோம். இறகெல்லாம் வந்த பிறகும் அவன் பறக்கவில்லை. குஞ்சுப் பருவத்தில் பறந்து பழகாத பறவைக்கு இறக்கை இருப்பதே தெரியாது போல, மேஜையிலிருந்து இறங்குவதற்குக்கூட என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான்.

எதிர் வீட்டுப் பையன், மேலே தூக்கிப் போடுங்கள் தாத்தா, தானாகப் பறக்கும் என்றான். நான் விடவே இல்லை. பயந்துவிட்டால் அப்புறம் கைக்கே வரமாட்டான், அவனாகக் கிளம்பினால்தான் உண்டு. தட்டில் சூரியகாந்தி விதை போடுவதை நிறுத்திவிட்டேன், அது பறந்தால்தான் கிடைக்கும். சாயங்காலத் தீனிக்கு முன்னால், கொஞ்சம் பசியோடு இருக்கும்போது, நாற்காலி முதுகில் உட்கார வைத்து ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி "ஏறு" என்பேன். ஒரு கால் எட்டும், எடுத்து வைப்பான், விதை கிடைக்கும். அப்புறம் இரண்டு சாண், அதற்குத் தாவியாக வேண்டும். தாவும்போது இறக்கை தானே விரிந்தது, விரிந்ததைப் பார்த்து அவனே திகைத்துப் போனான். சில நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், இன்னும் வேண்டும் என்று அவன் நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் அவனாகவே கேட்பான். எதையும் அவசரப்படுத்தக் கூடாது மீனா, இதை நான் எல்லாவற்றுக்கும்தான் சொல்கிறேன்.

முதல் தடவை உண்மையாகப் பறந்தது ஊஞ்சலிலிருந்து. கூடத்தின் இந்த மூலையில் நான் நிற்கிறேன், உடம்பை முன்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, அந்த வெளிர் மஞ்சள் கண்ணில் பாப்பா சுருங்கி விரிந்து சுருங்குகிறது, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். கிளம்பிவிட்டான்! என்னிடம் வரவில்லை, தலைக்கு மேலே போய்த் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்துகொண்டான். இறங்கத் தெரியவில்லை. மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்குவதுதான் இவற்றுக்குக் கஷ்டம், வேகத்தைக் குறைத்துச் சாய்வாக வந்து உட்காரத் தனியாகப் பழக வேண்டும். ஏணி கொண்டு வா என்று அம்மா ஒரே சத்தம். நான் ஏணி போடவில்லை. பீரோ மேலே இரண்டு விதை வைத்தேன், அதற்கு இறங்கினான், அங்கிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து என் கை. இப்போது சமையலறையில் அம்மா "சாம்பு, வா" என்றால் கூடத்திலிருந்து வளைந்து திரும்பி அவள் தோளுக்கே போய்விடுகிறான். நீ பார்த்தால் நம்பமாட்டாய். அவனைத் திறந்து விடுவதற்கு முன்னால் மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம், ஜன்னலுக்குத் திரை, கண்ணாடிக்குத் துணி. நான்ஸ்டிக் தவாவை எடுத்துப் போட்டாயிற்று, அது அதிகமாகச் சூடேறினால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

பேச்சு விஷயத்தையும் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்று ஒரு அம்மா, 1977-ல் சிகாகோவில் ஒரு கடையில் சாம்புவின் இனத்தில் ஒரு கிளியை வாங்கினார், அலெக்ஸ் என்று பெயர். 2007-ல் அது இறக்கும்போது 31 வயது. நூறு சொல்லுக்கு மேல் தெரியும், நிறம் சொல்லும், எது பெரியது எது சிறியது என்று சொல்லும், ஆறு வரை எண்ணும். அவர் கற்றுக்கொடுத்த விதம்தான் முக்கியம். கிளியைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. கிளிக்கு முன்னால் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், சரியாகச் சொன்னவருக்கு அந்தப் பொருளே கிடைக்கும், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறிக்கொள்வார்கள். கிளி பார்த்துக்கொண்டே இருந்து, எனக்கும் வேண்டும் என்று உள்ளே நுழையும். டேப்பும் வீடியோவும் மட்டும் போட்டுக் காட்டிச் சோதித்துப் பார்த்தபோது கிளிகள் அப்படிக் கற்றுக்கொள்ளவில்லை. எதிரெதிரே பேசுகிற இரண்டு பேர் வேண்டும்.

நானும் அம்மாவும் அப்படித்தான் செய்கிறோம். அம்மா கையில் வெள்ளரித் துண்டு. "இது என்ன?" என்பாள். "வெள்ளரிக்காய்." "சரி, இந்தாங்க." நான் கடித்துச் சாப்பிடுவேன். அடுத்த தடவை வேண்டுமென்றே "கத்தரிக்காய்" என்பேன், "இல்லை" என்று முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். சாம்பு கம்பியின் ஓரம் வரை நகர்ந்து வந்து எங்கள் வாயையே பார்ப்பான். முதலில் "ரிக்கா" என்றான், இப்போது "வெள்ளரிக்கா" சுத்தமாக வருகிறது, வெள்ளரியைப் பார்த்தால்தான் சொல்கிறான். தண்ணி, கடலை, போதும் எல்லாம் அப்படி வந்ததுதான். கார்த்திகையில் அம்மாவுக்கு ஆண்டாள் கைக்கிளி பிரசாதமாகக் கிடைத்தது, அந்த மாதுளம்பூ மூக்கையும் மரவள்ளி இலை உடம்பையும் பார்த்து இவன் கூண்டுக்குள்ளேயே அலறிவிட்டான். அம்மா பக்கத்தில் நின்று "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது குக்கர் விசில் அடித்தால் அவனே தனக்கு "ஒண்ணுமில்ல" சொல்லிக்கொள்கிறான். இந்தச் சாக்கில் தினமும் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறோம். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்கும்தான்.

கவினுக்கு மாசியில் மூன்று முடிகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை, தெரியாத ஊரில் வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளையையும் நீ வளர்க்கிற மாதிரி எங்களால் முடிந்திருக்காது, அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நீ எட்டு மாதத்திலேயே அம்மா என்றாய் என்று அம்மா அடிக்கடி சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரம். வீட்டில் தமிழ், வெளியே டச்சு, நடுவில் இங்கிலீஷ், அதனால்தான் பேசவில்லை என்று இங்கே சொல்கிறார்கள். அதை நம்பாதே, இரண்டு மூன்று மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தடைப்படாது. காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு தடவை பரிசோதித்துவிடு, பேச்சுப் பயிற்சி தருகிறவரிடமும் காட்டு, தள்ளிப் போடாதே. கோடையில் வந்தபோது டேப்லெட்டில் வருகிற பாட்டுக்கு அவன் வாயசைத்தான், அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டேப்லெட் போதாது. பிள்ளை வேறு கிளி வேறு, அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் சாப்பிடும்போதாவது அவனுக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசுங்கள். உப்பு போதுமா, மழை வருமா, எதையாவது. அவன் கேட்கட்டும். அவனோடு பேசுவது வேறு, அவன் முன்னால் நீங்கள் பேசிக்கொள்வது வேறு, இரண்டும் வேண்டும்.

மாப்பிள்ளை சௌக்கியம்தானே? தீபாவளிக்கு அழைத்தபோது அவர் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னாய், அதற்கு முந்தைய தடவையும் அப்படித்தான். அவருக்கு வேலை அதிகம், புரிகிறது. விசாரித்தேன் என்று சொல்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு அபிப்பிராயம். நீங்கள் வந்திருந்தபோது சாம்புவின் கூண்டு உங்கள் அறைக் கதவை ஒட்டித்தான் இருந்தது. நீங்கள் போன பிறகு ராத்திரி விளக்கை அணைத்ததும் அவன் "சரி, விடு" என்கிறான். உன் குரலிலேயே. முதலில் கதவு சாத்துகிற சத்தம், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் "சரி, விடு". நாங்கள் யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாத சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் கிளி அதைக் குறைத்துக்கொள்ளும், நான் பேசாமல்தான் இருக்கிறேன். அம்மாவால் முடிவதில்லை, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் "என்ன கண்ணு?" என்று கேட்கிறாள்.

நீ விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம்.

2024-ல் நீ மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் சாம்புவைப் பதிவு செய்த காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தளத்தின் பாஸ்வேர்டு மட்டும் அனுப்பு. தெருக்கோடியில் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு இறக்கை வெட்டித் தரச் சொல்லி நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நம் ஊர்க் கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி, நானே கூடப் போய் வனத்துறையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழை. உங்களுக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை, நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அழை. கவினை முன்னால் உட்கார வை, சாம்பு பறப்பதைக் காட்டுகிறேன்.

அம்மாவின் பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். அவள் அங்கே வந்து மூன்று மாதம் இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, சாம்புவை நான் பார்த்துக்கொள்வேன், சமையலும் ஓரளவு வரும். டிக்கெட் என் செலவு. அந்த ஸ்பான்ஸர் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பு, மற்றதை இங்கே நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா