மலையேறப் போகும் வண்டி

அன்புள்ள குமார்,

அம்மா கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஹூஸ்டனில் நாங்கள் எல்லாரும் நலம். சின்னவள் ஆஸ்டினில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். பணம் தீர்ந்தால் போன் வரும்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். 2006 ராம் 2500 பிக்அப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக், நாலு சக்கர டிரைவ். டென்வரில் இருப்பவன் கேம்பர் என்கிற வீட்டு வண்டியை இழுக்க நல்ல தேர்வுதான். ஆனால் எஞ்சினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த எஞ்சின் சுலபத்தில் சாகாது. முதலில் மடங்குவது 48ஆர்இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். பழைய சொந்தக்காரர் கொடுத்த ரசீதுகளில் எஞ்சின் ஆயிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்கிறாய். அப்படியானால் கியர்பாக்ஸ், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பகிரும் டிஃபரன்ஷியல் முன்னும் பின்னும், எதையுமே யாரும் திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்.

கியர்பாக்ஸுக்கு எந்த பிராண்ட் எண்ணெய் என்று கேட்டிருந்தாய். அது கடைசிக் கவலை. டப்பாவில் ஏடிஎஃப்+4 என்ற எண்ணெய் வகையும், எம்எஸ்-9602 என்ற தர எண்ணும் போட்டிருக்கிறதா என்று பார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் பாட்டிலைத் தொடாதே. டெக்ஸ்ரான் என்ற இன்னொரு வகை எண்ணெயும் சிவப்புதான், இதுவும் சிவப்புதான். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே ஏடிஎஃப்+4தான், 1.9 லிட்டர் போதும். அரை மணி நேர வேலை.

கியர்பாக்ஸ்தான் படுத்தும். அதன் அடியில் இருக்கும் கம்பெனி எண்ணெய்த் தட்டில் (பேன்) எண்ணெயை வடிக்கும் டிரெய்ன் பிளக் கிடையாது. அகலமான தட்டை அடியில் வைத்து, ஒரு மூலையில் மட்டும் போல்ட்டுகளைத் தளர்த்தி மெதுவாக இறக்கு. எப்படி இறக்கினாலும் முழங்கை வரை நனையத்தான் செய்யும், பழைய சட்டை போட்டுக்கொள். ஃபில்டரை மாற்று. உள்ளே சுழலும் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளுக்கு பேண்ட் என்று பெயர். பின் பேண்டை அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூ பேனுக்கு உள்ளே இருக்கிறது, அதனால் கையோடு அதையும் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைத்துவிடு. முன் பேண்டுக்கு வெளியிலிருந்தே கை எட்டும்.

இவ்வளவு செய்தும் வெளியே வருவது நான்கு லிட்டர் அளவுக்குத்தான். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை பேனை இறக்குவேன். அளவு பார்க்கும்போது ஒன்றை மறக்காதே: எண்ணெய் சூடாக இருக்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும், லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

எண்ணெய் கறுத்திருக்கிறதே என்று பயந்து எழுதியிருந்தாய். ஏடிஎஃப்+4இன் சிவப்புச் சாயம் நிரந்தரமானதல்ல, ஓட ஓட மங்கிவிடும். நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே. பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால்தான் கவலை, உள்ளே தண்ணீரோ கூலன்ட்டோ போயிருக்கிறது என்று அர்த்தம். பேனின் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருந்தால் பரவாயில்லை. உலோகச் சில்லுகள் கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

பின் டிஃபரன்ஷியலுக்கு 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் கியர் ஆயில், 3.6 லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். இழுக்கிற பாரமெல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது, அதனால் முன்னதை விட இதை அடிக்கடி மாற்று. அதைவிடக் கெட்டியான 75டபிள்யூ-140 ஊற்றினால் பாரத்துக்கு நல்லது என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னாராம்.  புத்தகத்தில் இருப்பதையே ஊற்று. ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் என்ற உராய்வை மாற்றும் கலவையும் வேண்டாம். உன் வண்டியில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் இருந்தாலும் அது கியரால் பிடிக்கிற வகை, கிளட்ச் தட்டு கிடையாது. கிளட்ச் உள்ள ஃபோர்டு வண்டிக்காரர்கள் சொல்வதை இங்கே கொண்டுவராதே. எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் ஊற்றுகிற பிளக் திறக்கிறதா என்று பார். அது துருப்பிடித்துக் கிடக்கும்போது எண்ணெயை வடித்துவிட்டால், வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும்.

இத்தனையும் செய்துவிட்டு ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் மலைச் சுரங்கத்துக்கு ஓவர்டிரைவிலேயே (நான்காவது கியர்) ஏறினாய் என்றால் எல்லாம் வீண். 11,000 அடிக்கு மேல் இருக்கிறது அந்த இடம். கன்வெர்ட்டர் எஞ்சினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாமல் (லாக் ஆகாமல்) வழுக்கிக்கொண்டே ஏறும்போதுதான் எண்ணெய் வேகிறது. ஓவர்டிரைவை அணைத்துவிடு, மூன்றாவது கியரில் லாக் ஆகிற வேகத்தில் ஏறு. முடியாவிட்டால் லாரிகளோடு வலது ஓரமாகப் போ, யாரும் உன்னைத் துரத்தவில்லை. கேம்பர் கட்டுவதற்கு முன்னாலேயே டிரான்ஸ்மிஷன் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடு. விலை உயர்ந்த எண்ணெய்க்கு வைத்திருக்கும் காசை அதில் போடு.

வடித்த எண்ணெயைப் பழைய கேன்களில் ஊற்றி வை, உதிரிபாகக் கடைகள் பலவற்றில் சும்மாவே வாங்கிக்கொள்வார்கள். பேனை இறக்குவதை மட்டும் அடுத்த மாதம் நான் வரும் வரை தள்ளிப்போடு, சேர்ந்தே செய்வோம். உமாவிடம் கராஜில் இடம் ஒதுக்கச் சொல்.

அன்புடன்,
சேகர்