செயலாளர் ஆண்டறிக்கை: 13.8 வோல்ட்டோடு ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நாகை வட்டாரத்து ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது ஒரே ஒரு வேலையை ஒழுங்காக முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நம் உறுப்பினர்கள் வீட்டு நிலையத்தில் என்னென்ன பவர் சப்ளை ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வரச்சொல்லிச் சோதிப்பது, புதிதாக வாங்குகிறவர்களுக்கு எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெளிவாகச் சொல்வது. அது பெரும்பாலும் நடந்துவிட்டது, அதனால் இந்த அறிக்கையில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். மற்றபடி மாதக் கூட்டம் விடாமல் நடந்தது, ஞாயிறு காலை நெட் (வானொலியிலேயே எல்லோரும் கூடிப் பேசுவது) மழை நாட்களிலும் நின்றதில்லை, உரிமத் தேர்வுக்கான வகுப்பு மொட்டை மாடியில் தொடர்கிறது, அக்டோபரில் சாரணர் பிள்ளைகள் வந்து மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார்.

ஏன் பவர் சப்ளையைப் பிடித்துக்கொண்டேன் என்பதற்குக் காரணம் ஒரு தம்பி. வியூ2 கால்சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) கைக்கு வந்த மகிழ்ச்சியில் சேமிப்பு முழுவதையும் 100 வாட் ரிக்கில் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) போட்டுவிட்டு, மிச்சமிருந்த பணத்தில் எல்இடி விளம்பரப் பலகைகளுக்குப் போடும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச் முறையில் இயங்கும் பவர் சப்ளை) ஒன்றை வாங்கி வந்தார். மேலே 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. ரிசீவ் நன்றாக இருந்தது, பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்து அணைந்து எரிந்தது. ரிக் பழுது என்று நினைத்து அழாத குறையாக எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் ரிக்கில் ஒரு குறையும் இல்லை. சப்ளை 12.0 வோல்ட்டில் நிற்கிறது, அங்கிருந்து ரிக் வரை இரண்டு மீட்டருக்கு வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அந்தக் கனத்துச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 12 மில்லி ஓம். போக வர நான்கு மீட்டர், 20 ஆம்பியர் இழுக்கும்போது கிட்டத்தட்ட ஒரு வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. ரிக்குக்குக் கிடைப்பது 11 வோல்ட். நம் ரிக்குகளில் பெரும்பாலானவை 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம், அதாவது 11.7 முதல் 15.9 வரை என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. 11 வோல்ட்டில் அது என்ன செய்யும், பாவம்.

அந்த வகைப் பெட்டிகளில் முனைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி 13.8க்குக் கொண்டுவந்தோம் (எல்லாப் பெட்டியும் அவ்வளவு தூரம் ஏறாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்), 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம். இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது, ரிக் அணையாமல் ஓடியது. ஆனால் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) இரைச்சல் மட்டும் போகவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் எத்தனை ஆம்பியர் வேண்டும் என்ற கேள்வி. ஐகாம் ஐசி-7300ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நம்மில் பலர் ஆசைப்படுகிற ரிக். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பியர் அளவுதான். 100 வாட் அனுப்பும்போது 21 ஆம்பியர். யேசு (Yaesu) எஃப்டி-891 என்றால் 23. 13.8ஐ 21ஆல் பெருக்கினால் 290 வாட், அதில் 100 தான் ஆன்டெனாவுக்குப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. எஸ்எஸ்பியில் (குரலில் பேசும் முறை) பேசும்போது குரல் ஏறி இறங்குவதால் சராசரி மிகவும் குறைவாக இருக்கும், அதனால் சுமாரான சப்ளைகூடச் சமாளித்துவிடும். அதே ஆள் மறுநாள் எஃப்டி8 (கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) பக்கம் போனால் கதை வேறு. ஒன்றுவிட்டு ஒரு 15 வினாடிச் சுற்றில் 12.64 வினாடி முழு பவரில் அனுப்புகிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்டப் பாதி நேரம் சப்ளை முழுச் சுமையில் நிற்கிறது. இதனால்தான் பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருக்கும் உச்ச ஆம்பியரைப் பார்க்காதீர்கள், தொடர்ச்சியாக எவ்வளவு தரும் என்பதைப் பாருங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். 100 வாட் ரிக்குக்குத் தொடர்ச்சியாக 25 ஆம்பியர் தரக்கூடியது வேண்டும், அதற்குக் கீழே போகாதீர்கள். வெறும் விஎச்எஃப் மொபைல் ரிக் மட்டும் வைத்து ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) பேசுகிறவர்களுக்கு 15 ஆம்பியர் தாராளம்.

சோதனை எப்படிச் செய்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், வீட்டில் நீங்களே செய்யலாம். சுமைக்கு மெக்கானிக் கடையில் வாங்கிய காரின் ஹெட்லைட் பல்புகள், எச்4 வகை. இரண்டு இழையும் சேர்த்து எரித்தால் ஒரு பல்புக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர். இரண்டு பல்பு போதும். ஆனால் குளிர்ந்த இழை ஆரம்பத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், ஒரேயடியாகப் போட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூடப் பயந்து அணைந்துவிடும், ஒவ்வோர் இழையாகச் சேர்க்க வேண்டும். பல்பு கொதிக்கும், மரப்பலகைமேல் வைக்காதீர்கள். அரை மணி நேரம் எரியவிட்டு, முனையில் மல்டிமீட்டர், ஒயரில் க்ளாம்ப் மீட்டர். சுமை இல்லாதபோது 13.8, முழுச் சுமையில் 13.5க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நமக்குத் திருப்தி.

இரைச்சலுக்குத் தனிச் சோதனை. ரிக்கை பேட்டரியில் ஓட்டினோம், ஆன்டெனா இணைத்து, இரவு நேரம், 7 மெகாஹெர்ட்ஸில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். பிறகு பக்கத்து மேசையில் சப்ளையைப் பல்போடு இயக்கினோம். எஸ் மீட்டர் (வரும் சிக்னலின் பலத்தைக் காட்டுவது) அசையவில்லை என்றால் நல்ல பெட்டி. சிலவற்றை இயக்கியதும் வண்டு ரீங்காரம்போல் ஓர் ஒலி எழுந்து, டயலைத் திருப்பத் திருப்பக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தது. எஸ்எம்பிஎஸ் உள்ளே பல பத்து கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது, அதன் மடங்குகள்தான் பேண்ட் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மலிவான பெட்டிகளில் உள்ளீட்டு வடிகட்டிக்கு இடம் மட்டும் விட்டுப் பாகத்தைப் பொருத்தாமலே அனுப்பிவிடுகிறார்கள், திறந்து பார்த்தபோது போர்டில் வெறும் துளைகள். அப்படிப்பட்டதை வாங்கி வந்தவர்களுக்கு இரைச்சலை அடக்கும் 31 கலவை ஃபெரைட் வளையத்தில் மெயின்ஸ் ஒயரையும் 13.8 வோல்ட் ஒயரையும் தனித்தனியாகப் பத்துச் சுற்று சுற்றிக் கொடுத்தோம். நன்றாகக் குறைந்தது. தம்பியின் பெட்டியிலும் அப்படித்தான் 40 மீட்டரை மீட்டோம், ஆனால் வளையங்களுக்கு ஆன செலவையும் கூட்டினால் முதலிலேயே நல்ல பெட்டி வாங்கியிருக்கலாம்.

லீனியர் பவர் சப்ளையா (பழைய டிரான்ஸ்பார்மர் வகை) எஸ்எம்பிஎஸ்ஸா என்று கேட்காத உறுப்பினர் இல்லை. எனக்கு லீனியர்மேல் பாசம் உண்டு, மறைக்கவில்லை. பெரிய டிரான்ஸ்பார்மர், தடித்த கெப்பாசிட்டர், எல்எம்723 ஐசி, ஹீட்சிங்கில் வரிசையாக 2என்3055. இரைச்சல் என்பதே கிடையாது, பழுதானால் நம் ஊரிலேயே பாகம் கிடைக்கும், சால்டரிங் தெரிந்த யாரும் சரிசெய்யலாம். ஆனால் தூக்கினால் இடுப்பு பிடிக்கும், 20 ஆம்பியரில் 140 வாட் அளவுக்கு ஹீட்சிங்கிலேயே சூடாகப் போகிறது. அதோடு நம் பக்கத்தில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் 180க்கு விழுகிறதே, அந்த நேரத்தில் டிரான்ஸ்பார்மர் தருவது போதாமல் ரெகுலேட்டர் கையை விரித்துவிடும், உங்கள் குரலோடு ‘ம்ம்ம்’ என்று 100 ஹெர்ட்ஸ் ஹம் சேர்ந்து போகும். ஸ்டெபிலைசர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அதைவிட முக்கியம், பாஸ் டிரான்சிஸ்டர் (ரிக்குக்குப் போகும் மின்னோட்டம் முழுவதையும் கடத்துவது) ஷார்ட் ஆனால் என்ன நடக்கும் என்பது. நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இந்த ஆண்டு நடந்தது. பல வருடம் உழைத்த, யாரோ செய்து கொடுத்த பழைய லீனியர். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, கெப்பாசிட்டரில் இருந்த 20க்கு மேற்பட்ட வோல்ட் அப்படியே ரிக்குக்குள் போய்விட்டது. க்ரோபார் என்ற காப்புச் சுற்று அதில் இல்லை. ஒரு ஜீனர், ஒரு எஸ்சிஆர், ஒரு ஃபியூஸ், அவ்வளவுதான் க்ரோபார். வோல்டேஜ் 15ஐத் தாண்டினால் எஸ்சிஆர் தானே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரித்து ரிக்கைக் காப்பாற்றும். அவர் ரிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, க்ரோபார் இல்லாத எந்த லீனியரையும் நம் சங்க மேசையில் ரிக்கோடு இணைக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். அதன்பின் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, கொண்டுவந்த எல்லோருக்கும் க்ரோபார் பொருத்திக் கொடுத்தோம். இந்த ஆண்டு நான் மிகவும் மகிழ்ந்த வேலை அதுதான்.

எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று சின்னச் சுவிட்ச் இருக்கும். 115இல் இருப்பதைக் கவனிக்காமல் நம் மெயின்ஸில் செருகினால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகிக் கெப்பாசிட்டர் வெடிக்கும். ஒருவர் வீட்டில் வெடித்தது, குழந்தை பக்கத்தில் இல்லாதது நல்லதாயிற்று. வாங்கியதும் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். அடுத்தது எர்த். எர்த் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ் போட்டால் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் உடம்பிலேயே மெயின்ஸில் பாதி வோல்டேஜ் நிற்கும், தொட்டால் சுரீர் என்னும், இரைச்சலும் கூடும். கடற்கரை மண்ணில் எர்த் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, வருடம் ஒரு முறை எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஃபேன் உப்புக் காற்றை உள்ளே இழுப்பதால் பெட்டியையும் வருடம் ஒரு முறை திறந்து பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்து.

இனி பேட்டரி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நம் கரையைக் கடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது, செல் டவர் படுத்துவிட்டது. மேசைமேல் நல்ல ரிக்கும் நல்ல சப்ளையும் இருந்தும் எனக்கு அன்று 230 வோல்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினேன், 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 13.8 ஆக்குவதில் கால்பங்குக்கு மேல் வழியிலேயே வீணாகி, அன்று இருட்டும் முன்பே முடிந்துவிட்டது. நேராகப் பேட்டரியிலிருந்தே ரிக்குக்கு ஒயர் இழுத்திருக்க வேண்டும், அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சங்கத்துக்கு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கியிருக்கிறோம். நான்கு செல், 12.8 வோல்ட். பத்தில் ஒன்பது பங்கு நேரம் கேட்டு, ஒரு பங்கு பேசினால் சராசரி 2 ஆம்பியர், அந்தக் கணக்கில் முழுவதும் காலியாக்காமலே 40 மணி நேரம் தாங்கும். வீட்டில் இருக்கும் டியூபுலர் பேட்டரியும் உதவும், ஆனால் அதைப் பாதிக்கு மேல் காலியாக்கக்கூடாது, 20 ஆம்பியர் இழுத்தால் வோல்டேஜும் வேகமாக இறங்கும். லித்தியம் கடைசி வரை 13ஐ ஒட்டியே நிற்கிறது. ஒன்று மட்டும் கவனம்: காலியான லித்தியத்தை நேராகப் பவர் சப்ளையில் மாட்டினால் இருக்கிற ஆம்பியரையெல்லாம் உறிஞ்சி சப்ளையைத் திணறடிக்கும். அதற்கென்ற சார்ஜரில்தான் போட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வடிகட்டி முழுதாக இருக்கிற, தொடர்ச்சியாக 25 ஆம்பியர் தருகிற ஒரு எஸ்எம்பிஎஸ், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர், பக்கத்தில் ஒரு பேட்டரி. இந்த மூன்றுக்கும் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்கு என்ன ரிக் வருமோ அதை வாங்குங்கள். பழைய ரிக்காக இருந்தாலும் பரவாயில்லை. லீனியர் வைத்திருப்பவர்கள் விற்றுவிடாதீர்கள், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், எல்லா உறுப்பினரும் ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் மட்டும் நெட்டுக்கு வர வேண்டும். இன்னும் ஒரு லித்தியம் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்ய ஒரு சோலார் தகடும் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். சோலார் கன்ட்ரோலரும் இரைச்சல் போடும், வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டு இரண்டு நாள் எடுத்து வந்து 40 மீட்டரில் சோதித்துவிட்டே பணம் கொடுப்போம்.

சோதனைக்கு வராத பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், பல்பும் மீட்டரும் என்னிடம் தயாராக இருக்கின்றன.

அனைவருக்கும் 73 (ஹாம்கள் வழியில் நல்வாழ்த்து).

செயலாளர்