எவடம் என்று கேட்காத ஒரு கூட்டம் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் கூடும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்புப் பெண்களுக்கும், அந்தக் கூட்டங்களை ஒழுங்குசெய்யும் அக்காமாருக்கும்,

வணக்கம். இதைக் குழுவின் வட்ஸ்அப்பில் போடாமல் பொதுவில் எழுதுகிறேன். யாருக்காக எழுதுகிறேனோ அவர்களில் பலர் இப்போது அந்தக் குழுவில் இல்லை. சிலர் நீக்கப்பட்டார்கள். சிலர் தாங்களாகவே ஒதுங்கிப் போனார்கள். சிலரை நாங்கள் உள்ளே எடுக்கவே இல்லை. ஆட்களின் பெயர், கூடுகிற வீடு, ஒழுங்கை எதையும் இங்கே எழுதவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்த வட்டத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு முற்றியவுடன் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட பிள்ளையைத் தன்னுடைய ஒற்றை அறையில் மாதக்கணக்காக வைத்திருந்து சாப்பாடு போட்டவர் உங்களில் ஒருவர். ஆஸ்பத்திரியில் தோழிக்குப் பக்கத்தில் நிற்பதற்காக மச்சாள் முறை சொல்லிக்கொண்டு விடியவிடிய வாங்கில் இருந்தவர் இன்னொருவர். ஊரும் உறவும் கைவிட்ட இடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் தாங்கியிருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு செய்யத் தெரிந்த எங்களுடைய கதவு ஏன் சிலருக்கு மட்டும் திறக்கிறது?

கேட்டால் பாதுகாப்பு என்கிறோம். அந்தப் பயம் பொய்யில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே பாலினத்தவரிடையிலான உறவைக் குற்றமாக்கும் அதன் 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் திருத்தம் வந்தபோது பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று 2022இல், இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா ஃபிளேமர் கல்தேராவின் முறைப்பாட்டை விசாரித்த ஐக்கிய நாடுகளின் குழு முடிவு சொன்னது. இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை. ஒரு படம் வெளியில் போனால் ஒருத்தியின் வேலை, வீடு, பெற்ற பிள்ளை எல்லாமே கையைவிட்டுப் போகக்கூடும். ஆகவே படம் எடுக்கக்கூடாது, இடத்தை வெளியில் சொல்லக்கூடாது, வாசலில் கூட்டமாக நின்று கதைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகளை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் புதிதாக வருகிறவருக்கு உள்ளே இருக்கும் இரண்டு பேர் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியும்? ஒரே பள்ளிக்கூடம், ஒரே கம்பஸ் வருடம், ஒரே தொண்டு நிறுவனம், ஒரே தேவாலயம். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தவர்கள் அவர்களைப் போன்றவர்களே. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி என்னோடு போனில் கதைத்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். விதியை நான் விளங்கப்படுத்தியபோது அவர் கேட்டது இது: "என்னைத் தெரிஞ்ச ரெண்டு பேர் எண்டால், அவையளுக்கு நான் இப்பிடியெண்டு முதல் சொல்லோணுமெல்லோ அக்கா? அப்பிடிச் சொல்லக்கூடிய ஆக்கள் இருந்தா நான் ஏன் உங்களிட்ட வாறன்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தனித்துப் போனவர்களுக்காகத் தொடங்கிய வட்டம், தனித்துப் போனவர் உள்ளே வரவே முடியாதபடி விதி வைத்திருக்கிறது. அந்த விதி எங்களைக் காப்பாற்றியதா என்றால் அதுவுமில்லை. எங்களுடைய கதை வெளியில் போன சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாத யாரும் வந்து அதைச் செய்யவில்லை. எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த, நல்ல இடத்துப் பிள்ளை என்று நாங்கள் நம்பியவர்கள் வாயால்தான் போனது.

பொறுப்புச் சொல்ல ஆள் கிடைத்து உள்ளே வந்தாலும் கதை முடிவதில்லை. ஒரு பிள்ளை முதல் தடவை வந்தாள். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தபடியே ஒரு அக்கா, "தங்கச்சி எவடம்?" என்றார்.

"சுன்னாகம்."

"சுன்னாகத்தில எவடம்?"

அவள் ஒரு கோயிலின் பெயரைச் சொன்னாள்.

"கோயிலுக்கு இங்கால் பக்கமோ, அங்கால் பக்கமோ?"

அவள் சொன்னாள். அக்கா "ஓ" என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். யாரும் அவளை ஏசவில்லை, போகச் சொல்லவுமில்லை. பின்னேரம் முழுக்க அவளோடு யாரும் நீட்டிக் கதைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் எல்லாரும் சேர்ந்து சமைப்பதற்கு வேலை பிரித்தபோது, கறிக்கு வெட்டுகிற ஆட்களோடு அவளைப் போடவில்லை. பாத்திரம் கழுவுவதற்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் எங்கே போய் முடிகின்றன என்று நான் விளக்கத் தேவையில்லை. சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது 1957ஆம் ஆண்டின் சட்டப்படியே குற்றம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தங்களையும் உள்ளே விடச் சொல்லி மக்கள் போராடினார்கள். அந்த வரலாற்றை மேடையில் பேசுகிற அளவுக்குப் படித்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும், வீட்டில் வாய்திறக்கவே முடியாத ஒரு காதலுக்குக்கூட நாங்கள் சாதி பார்க்கிறோம். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. 1990 ஒக்டோபரில் சில மணித்தியால அவகாசத்தில் இந்த ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்த குடும்பத்து முஸ்லிம் பெண்ணிடமும் "உங்கட ஆக்கள் இதை ஏற்கமாட்டினமே" என்றுதான் முதலில் கேட்டோம். எங்கட ஆட்கள் மட்டும் ஏற்றுக்கொண்டார்களா?

கல்யாணம் முடித்த பெண்களை நாங்கள் நடத்துகிற விதம் வேறு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிறோம். இருபாலீர்ப்புப் பெண்களையும் இதே வாயால்தான், ஆம்பிளை கிடைத்தால் போய்விடுவார்கள் என்கிறோம். தாலியோடு வருகிறவர் கோழை என்று சொல்லுமுன் அவருடைய நிலையைப் பாருங்கள். சீதனமாக அவருடைய பெயரில் எழுதிய வீட்டை அவர் விற்கவோ கொடுக்கவோ நினைத்தால், யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்குச் சட்டமான தேசவழமையின்படி புருஷனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். விவாகரத்துக்குப் போனாலும் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றுதான்: பிறனோடு சேருதல், வன்மமாகக் கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. எனக்கு இந்த வாழ்க்கை பொருந்தவில்லை என்பது அதில் இல்லை. அவராக வெளிக்கிட்டால் கைவிட்டுப் போன குற்றம் அவர் தலையில்தான் விழும். வீடும் போய், பிள்ளைகளும் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டு மாதத்தில் ஒரு பின்னேரம் எங்களிடம் வருகிற பெண்ணைப் பார்த்து, முழுசாக வா அல்லது வராதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

திருநங்கைத் தோழியரைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். பெண்கள் மட்டும் என்று அறிவித்துவிட்டு, வந்தவரிடம் அடையாள அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டது எங்கள் கூட்டத்தில் நடந்தது. பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழுக்கு 2016இல்தான் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. மனநல வைத்தியரிடம் போய், கடிதம் எடுத்து, பிறப்புச் சான்றிதழ் மாற்றி, அட்டை எடுப்பது காசும் காலமும் உள்ளவருக்கே பாடு. அரசாங்கக் கந்தோர் கேட்கிற கடதாசியை நாங்களும் கேட்டால், கந்தோருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வந்தால் ஒழுங்கையில் ஆட்கள் பார்ப்பார்கள் என்றும் சொல்லப்பட்டது. தலைமயிரைக் கட்டையாக வெட்டி, சேர்ட் போட்டுவரும் பெண்களிடமும் இதைத்தான் சொல்கிறோம்: பார்த்தவுடன் விளங்குது, தனியாக வாங்கோ, பின்படலையால் வாங்கோ. யாழ்ப்பாண வீதியில் பெருமித நடை நடந்தபோது திருநங்கைகள் முகம் மறைக்காமல் நடந்தார்கள். வீதியில் சும்மா நின்றாலே 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பொலிஸ் பிடிப்பதும் அவர்களைத்தான். எங்களில் யாருக்கு ஆபத்துக் கூடவோ, அவரையே ஆபத்து என்று வெளியில் நிறுத்துகிறோம்.

போர் நடந்த 1980களில் இதே ஊரில் பூரணி இல்லம் என்ற பெண்கள் நிலையத்தைப் பெண்கள் கட்டியெழுப்பினார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். பயம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இனி, யாரும் வாய்திறக்க விரும்பாத விஷயம். எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் பிரிந்தால் என்ன நடக்கிறது? ஆணும் பெண்ணும் பிரிந்தால் அவளுக்குத் தாய் வீடு இருக்கும், சித்தியிடம் சொல்லி அழலாம், நாலு பேர் வந்து சமாதானம் பேசுவார்கள். எங்களுடைய பிரிவை வீட்டில் சொல்ல முடியாது, ஏனென்றால் சேர்ந்திருந்ததே வீட்டுக்குத் தெரியாது. ஒருத்தி மனமுடைந்து படுத்தால் தாய் காய்ச்சல் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுப்பார். அழுவதற்கு இருக்கும் ஒரே இடம் இந்த வட்டம். அந்த நேரத்தில்தான் நாங்கள் அவளை வட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறோம்.

யாரை எடுக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். கூட்டத்துக்கு வீடு தருகிறவரை எடுப்பதில்லை. வாகனம் வைத்திருப்பவரை, கொழும்பு நிறுவனங்களோடு கதைக்கத் தெரிந்தவரை எடுப்பதில்லை. மற்றவரைத்தான் எடுக்கிறோம். இரவு பத்து மணிக்குக் குழுவிலிருந்து பெயர் போகும். காலையில் அவள் ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பாள், ஒருவரும் போனுக்கு வரமாட்டார்கள். என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம். 'அவள் பிரச்சினையான ஆள்' என்பது மட்டும் புதிதாக வருகிறவர் காதிலும் விழும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெண் பெண்ணை அடிக்கிறாள், படத்தை வைத்து வெருட்டுகிறாள், சம்பளத்தைப் பறிக்கிறாள். இவை எங்களிடையே நடக்காதவை இல்லை. அடிபட்டவள் பொலிசுக்குப் போனால் 365அ தன்மேலேயே திரும்புமோ என்று பயப்படுகிறாள். அவளும் எங்களிடம்தான் வரவேண்டும். ஆனால் அடித்தவர் வட்டத்துக்கு வேண்டப்பட்டவர் என்றால் அதை 'அவையளின்ர சொந்தப் பிரச்சினை' என்கிறோம். வெறும் மனக்கசப்பில் பிரிந்தவளை நீக்கிவிட்டு, கைநீட்டியவரைத் தலைமையில் வைத்திருக்கிற ஒரு கூட்டம் யாருக்குப் பாதுகாப்பு?

நான் கேட்பது இதுதான். ஒருவர் எங்கே பிறந்தார், என்ன உடம்போடு பிறந்தார், யாரைக் கட்டினார், யாரோடு பிரிந்தார் என்பவற்றை வைத்து ஆபத்தை அளப்பதை விடுங்கள். அவர் என்ன செய்தார் என்பதை வைத்து அளந்து பாருங்கள். இரகசியத்தை வெளியில் விட்டவர், அடித்தவர், வெருட்டியவர் வெளியில் நிற்கட்டும். அது வீடு தருகிறவராக இருந்தாலும் சரி. இரண்டு பேர் பொறுப்புச் சொல்லும் விதியை எடுத்துவிட்டு, புதிதாக வருகிறவரை எங்களில் ஒருவர் முதலில் வெளியில் எங்காவது சந்தித்துக் கதைக்கும் ஒழுங்கை வையுங்கள். அப்படிச் சந்திக்கிற ஆளும் ஒரே ஊராக, ஒரே படிப்பாக இருக்கக்கூடாது. ஒருவரை நீக்குவதென்றால் இரண்டு பக்கத்தோடும் நெருக்கமில்லாத இருவர் இருவரிடமும் கேட்கட்டும், காரணத்தை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

மொழி பற்றி நீட்டவில்லை. கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள், ஆங்கிலம் வேண்டியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பார். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற அக்காமார் அனுப்பும் காசில்தான் பல செலவுகள் நடக்கின்றன, அந்த நன்றி எனக்கும் உண்டு. அதற்காக முக்கியமான முடிவுகளெல்லாம் அவர்கள் நிற்கும் ஓகஸ்டிலேயே எடுக்கப்படத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன், நீக்கப்பட்டவர்களுக்கும் வராமல் விட்டவர்களுக்கும் போன் எடுங்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டு, சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். சுன்னாகத்துப் பிள்ளைக்கு நான் எடுக்கிறேன். எவடம் என்று கேட்ட அக்காவும் எடுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தைச் சனி பின்னேரம் வைக்காமல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள். கிளிநொச்சித் தங்கச்சிக்குச் சனிக்கிழமையும் வேலை, 60 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வரவேண்டும், இருட்டுமுன் திரும்பவும் வேண்டும். அவருக்கு நான் ஒருத்தியே பொறுப்புச் சொல்கிறேன், மற்ற ஆளைக் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
யாழ்ப்பாணம்