தற்காலிகமாகத் தகுதியில்லை: விமானிகள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் பதினாறு வருடமாக உங்கள் சங்கத்தின் உறுப்பினர். ஒரு மாதம்கூட சந்தா பாக்கி வைத்ததில்லை. விமானம் ஓட்டத் தேவையான அவருடைய மருத்துவத் தகுதிச் சான்று, நீங்கள் சொல்லும் 'மெடிக்கல்', எப்போது நின்றது, ஏன் நின்றது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த மாதம் குழுக் காப்பீடு "தற்போதுள்ள நிபந்தனைகளின்படியே" புதுப்பிக்கப்படும் என்று அதில் ஒரு வரி. அந்த நிபந்தனைகள் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு வயது 44. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி பில்லை மெடிக்ளெயிம் கட்டியது, அதில் எனக்குக் குறையில்லை. சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. விமானியின் சம்பளத்தில் பெரும்பங்கு பறக்கும் மணிக்கணக்கில்தான் வருகிறது. மருத்துவ விடுப்பு தீர்ந்ததும் அது நின்றுபோனது. சென்னை வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளை நடுவருடத்தில் பள்ளி மாற்றினோம். வங்கிக் கடன் மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

லாஸ் ஆஃப் லைசென்ஸ், அதாவது பறக்கும் உரிமம் பறிபோனால் பணம் தரும் பாலிசி இருக்கிறதே என்று கேட்டோம். நிரந்தரமாகத் தகுதியில்லை என்று எழுதி வந்தால்தான் அதில் பணம். இவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது 'டெம்பரரி அன்ஃபிட்', தற்காலிகமாகத் தகுதியில்லை. விபத்துக் காப்பீட்டில் கேட்டால், இது விபத்து இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பலன்கள் பலவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும். இவருக்குக் கை கால் நன்றாக இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது. டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் சில்வர் பீச்சில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். "என்ன கேப்டன், இன்னும் லீவா? எப்போ டூட்டி?" என்று எதிரே வருகிறவர்கள் கேட்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறார். இப்போதெல்லாம் யாரும் எழுவதற்கு முன்பே, இருட்டிலேயே போய்விட்டு வந்துவிடுகிறார். ஊர் கண்ணுக்கு அவர் ஆரோக்கியமான மனிதர், வேலை செய்ய மட்டும் அனுமதியில்லாதவர். அப்படி ஒருவருக்குக் காப்பீட்டில் ஒரு கட்டமே இல்லை.

அப்புறம் அந்த ஆஞ்சியோகிராம், இதய ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்க்கும் சோதனை. மெடிக்கல் போர்டு மறுபடி பார்ப்பதற்கு முன் புதிதாக எடுத்த ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பு செய்தது போலவே மணிக்கட்டில் ஊசி போட்டு, ஒரு நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள். ஆனால் முதல் தடவை அது சிகிச்சை, இரண்டாம் தடவை வெறும் பரிசோதனை. பரிசோதனைக்காகவே சேர்ந்தால் செலவு கிடையாது என்று பாலிசியில் விலக்கு எண் 04 என்று நம்பர் போட்டே வைத்திருக்கிறார்கள். மறுப்புக் கடிதத்தில் அந்த எண்ணின் மேல் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தது. அந்தப் பணத்துக்கு என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போனது. வேலைக்குத் திரும்ப அந்தச் சோதனை கட்டாயம். கட்டாயமான ஒன்றை, தேவையில்லாத செலவு போல ஒதுக்குவது என்ன நியாயம்?

எனவே கேட்கிறேன்: மருத்துவ விடுப்பு தீரும் நாளிலிருந்து, தற்காலிகத் தகுதியின்மைக்கும் மாதாமாதம் ஒரு தொகை தரும் கூடுதல் காப்பீட்டை எடுங்கள். மெடிக்கலைத் திரும்பப் பெறத் தேவையான பரிசோதனைகளின் செலவையும் அதில் சேருங்கள்.

ஸ்டென்ட் வைத்த 44 வயதுக்காரர் தனியாகப் போய்க் கேட்டால் எந்த நிறுவனம் தரும்? குழுவாகப் போனால்தான், ஏற்கெனவே உள்ள நோய் என்ற நிபந்தனையைக்கூடப் பேசித் தளர்த்த முடியும். அதற்குத்தானே சங்கம்? அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய விமானிகள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இப்படிக் கூடுதல் காப்பீட்டை ஏற்பாடு செய்து தருகிறது. பிரீமியத்தை உறுப்பினர்கள் கட்டத் தயார். என் கணவரோடு பறந்தவர்களில் என்னிடம் பேசிய ஒருவர்கூட அதை மறுக்கவில்லை.

வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர விமானிகள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த 48 மணி வருவதற்கு முன் ராத்திரி ராத்திரியாகப் பறந்தவர்களின் உடம்புக்கு யார் பொறுப்பு? நெஞ்சு வலித்தால்கூட வெளியே சொல்லாமல், மெடிக்கல் பரிசோதனை முடியட்டும் என்று மாத்திரை போட்டுச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கே தெரியும். சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற பயம்தான். அவர்களுக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய பாலிசி வந்தாலும் என் கணவருக்கு அது காலம் கடந்ததாக இருக்கலாம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்து 'டெம்பரரி அன்ஃபிட்' என்ற கடிதத்தைக் கையில் வாங்கப் போகிறவருக்காகவும்தான் கேட்கிறேன். புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தற்காலிகத் தகுதியின்மைக்குக் கூடுதல் காப்பீடு வேண்டும். தேதியை மட்டும் சொல்லுங்கள், மறுப்புக் கடிதம், பில்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி,
மஞ்சக்குப்பம், கடலூர்.