மன்னருக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் யாராவது சிக்கலில் மாட்டிய செய்தி வந்தால் போதும், "அவங்களைப் போலீஸ் விசாரிக்கவே முடியாது, அங்கே சட்டமே அப்படித்தான்" என்று வாசகர் யாராவது எழுதிவிடுகிறார். சட்டம் அப்படி இல்லை. அந்த விலக்கு ஒரே ஒருவருக்குத்தான், அரியணையில் இருப்பவருக்கு. குற்ற வழக்குகள் மன்னரின் பெயரால் நடப்பவை, அவர் நீதிமன்றத்தில் அவரையே எப்படி நிறுத்துவது என்பது பழைய வாதம். அரசு மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வழிசெய்த 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் மன்னரைத் தனிப்பட்ட முறையில் தொடாமல் விட்டுவிட்டது. பிள்ளை, தம்பி, மருமகள் யாருக்கும் இது கிடையாது.

2002-இல் விண்ட்சர் பூங்காவில் இளவரசி ஆனின் நாய் இரண்டு பிள்ளைகளைக் கடித்தது. வழக்கு ஸ்லவ் நகர நீதிமன்றத்துக்குப் போனது, அவர் நேரில் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார், 500 பவுண்டு அபராதம். அப்போது அரியணையில் இருந்தது அவருடைய அம்மா, அதாவது அம்மா பெயரில் நடக்கும் நீதியில் மகளுக்குத் தண்டனை! 2005-இல் டயானா மரணம் குறித்த விசாரணையில், பட்டத்து இளவரசராக இருந்த சார்லஸிடமே போலீஸ் கேள்வி கேட்டது. அரச குடும்பத்து எஸ்டேட்டான சான்ட்ரிங்ஹாமில் இரண்டு பூனைப்பருந்துகள் சுடப்பட்டதாக 2007-இல் புகார் வந்தபோது ஹாரியையும் விசாரித்தார்கள். பறவைகளின் உடல் கிடைக்காததால் வழக்கு நிற்கவில்லை.

அப்புறம் ஏன் இந்த எண்ணம் போகவில்லை? இங்கிலாந்தில் போலீஸ் "வந்து பேசுங்கள்" என்று கூப்பிட்டால் யாரும் வர மறுக்கலாம், கைதானாலும் வாய் திறக்காமல் இருக்கலாம் (1994-க்குப் பிறகு அந்த மௌனத்தை நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடமுண்டு). சாதாரண ஆளுக்கும் உள்ள இந்த உரிமையை ஒரு இளவரசர் பயன்படுத்தினால் நமக்கு அது ராஜ சலுகையாகத் தெரிகிறது. சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் எப்ஸ்டீன் விவகாரத்தில், அன்று இளவரசராக இருந்த சார்லஸின் தம்பி ஆண்ட்ரூவிடமிருந்து ஒத்துழைப்பே இல்லை என்று 2020 ஜனவரியில் நியூயார்க் அரசு வழக்கறிஞர் பெர்மன் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று முறை உதவ முன்வந்தோம் என்பதுதான் ஆண்ட்ரூவின் வக்கீல்கள் தந்த பதில், விலக்கு இருக்கிறது என்பதல்ல.

சரி, எல்லாம் சமம்தான் என்று சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் சூறையாடப்பட்ட கலைப்பொருட்கள் பற்றிய 2017 சட்டப்படி, மன்னரின் தனிப்பட்ட எஸ்டேட்டுகளில் போலீஸ் சோதனை போட முடியாது. மன்னரின் குடும்பத்தாருக்கு இல்லாத பாதுகாப்பு அவருடைய மண்ணுக்கு இருக்கிறது. பெரிய இடத்து ஆளைக் கூப்பிடத் தயங்கும் அதிகாரியின் மனசையும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. அரியணையில் இருப்பவரையே விசாரிக்கும் நாடும் உண்டு: மலேசியாவில் 1993-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, சுல்தான்களையே விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைத்தார்கள், அதற்கும் அரசுத் தலைமை வழக்கறிஞரின் சம்மதம் வேண்டும்.

ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது "சட்ட விலக்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். போலீஸ் கூப்பிட்டதா, கூப்பிட்டும் அவர் வரவில்லையா, கூப்பிடவே இல்லை என்றால் முடிவெடுத்தது எந்த அதிகாரி, இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்