32,768-இல் நின்ற கடிகாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு சோம்பல் காரணமில்லை, பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்கு உதவும் நம்பை நூலகம்தான் காரணம். நம்முடைய பழைய சிமுலேஷன் நிரலை ஒருவழியாக நம்பை 2-க்கு மாற்றிவிட்டேன். நீ எழுதிய பகுதிகள் அதில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உன் கமென்ட்டுகளைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்தேன், ஓர் இடத்தில் திட்டினேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

2006-இல் நம்பை 1.0 வந்தது, அடுத்த பெரிய பதிப்பு 2024 ஜூனில்தான். பதினெட்டு வருஷம் சேர்ந்த சாமான்களை வெளியே எறியாமல் இருப்பார்களா? பெரிய எழுத்தில் தொடங்கும் நேன் (எண் அல்லாதது), இன்ஃப் (முடிவிலி) போன்ற பெயர்களெல்லாம் போயே போச்சு. அந்த மாதிரிப் பெயர்களை பைத்தான் நிரலைச் சோதிக்கும் ரஃப் கருவியே தேடித் திருத்திக் கொடுத்தது. சி மொழியில் எழுதிய பகுதியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. மொத்தம் ஒரு நாள் வேலை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். 30,000-ஆவது நொடியில் நிறுத்தி வைத்த ஒரு ஓட்டத்தை அங்கிருந்து தொடரவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் சிமுலேஷனுக்குள் ஓடும் நேரம் 32,768 நொடியைத் தாண்டவில்லை. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

நேரத்தை கோப்பிலிருந்து ஃப்ளோட்32-ஆக, அதாவது 32 பிட்டில் அடங்கும் தசம எண்ணாகப் படிக்கிறோம், ஒவ்வொரு சுற்றிலும் 0.001 கூட்டுகிறோம். பழைய நம்பையில் முதல் கூட்டலிலேயே அது இன்னும் துல்லியமான 64 பிட் ஃப்ளோட்64 ஆகிவிடும். இப்போது பைத்தானின் சாதாரண எண்ணைக் கூட்டினால் ஃப்ளோட்32-ஆகவே இருக்கிறது. 32,768-க்கு மேல் ஃப்ளோட்32-இல் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 0.0039 இடைவெளி; 0.001-ஐக் கூட்டினால் வட்டமாக்கும்போது பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். அதைவிடக் கொடுமை, அதற்கு முன்னால் இடைவெளி 0.00195 இருந்தபோது ஒவ்வொரு 0.001-உம் மேல்நோக்கி வட்டமாகி, கடிகாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. நின்றதால்தான் கண்ணில் பட்டது. 32,000-த்தோடு முடியும் ஓட்டமாக இருந்திருந்தால் அந்த வரைபடத்தை அப்படியே நம்பியிருப்பேன்.

புதிய விதியைக் குறை சொல்ல மாட்டேன். பழையதுதான் விசித்திரம்: தனி எண்ணா, அணியா என்று பார்க்கும், சில சமயம் மதிப்பையும் பார்த்து வகையை முடிவு செய்யும். நாம் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். பழைய 1.26 பதிப்பிலேயே ஒரு சூழல் மாறியை (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு) வைத்தால், விடை மாறப்போகும் இடங்களில் எச்சரிக்கை தரும். அதில் வந்து கொட்டியதில் பெரும்பாலானவை வீண். மூன்று மட்டும் நிஜம். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நேரத்தை ஃப்ளோட்32-இல் சேமித்த மகானுபாவன் நீதான் என்று நினைத்துத்தான் திட்டினேன். அப்புறம் எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் வரலாற்றைப் பார்த்தேன். நான்தான்.

1.26-இல் எடுத்த பழைய முடிவுக் கோப்புகள் உன்னிடம் இருந்தால் அனுப்பு, ஒப்பிட வேண்டும். முதுகுவலி எப்படி இருக்கிறது? அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்